வியாழக்கிழமை வண்டி

1

லியோனில் என் மகள் மீராவின் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். கீழே டிராம் போகும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் தம்ளர் லேசாக நடுங்குகிறது. இந்த வாரம் நான் கன்னியாகுமரியில் இருந்திருக்க வேண்டும், ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று. அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தேன் என்று புதுச்சேரியில் எங்கள் சாரத்திலிருந்து தினம் யாராவது போன் பண்ணிக் கேட்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவிட்டால் எல்லோருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும்.

நான் படுப்பது சோபாவில். அடியில் கையை விட்டு, ஒரு பக்கம் தூக்கி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால் கட்டிலாக விரியும். வந்த அன்று மீரா விரித்துக் காட்ட வந்தாள். அதற்குள் நானே விரித்துவிட்டேன்.

"எப்படித் தெரியும்?"

"நம்ம வண்டியில இதே மாதிரிதானே."

அவள் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே இருந்தாள்.

2

நான் சாரத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தாலி ஏறிய கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறினேன். அதுவரை விழுப்புரத்தைத் தாண்டி எந்த ஊரையும் பார்த்ததில்லை. விழுப்புரத்துக்கு அடுத்து நான் பார்த்த பெரிய ஊர் பாரிஸ். யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

பாரிசுக்கு வெளியே ஒரு ஊரில் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. கோடை லீவில் புதுச்சேரி வருவேன். வந்தால் என்ன நடக்கும்? ஒரு வீட்டில் காதுகுத்து, இன்னொரு வீட்டில் வளைகாப்பு, மூன்றாவது வீட்டில் "எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டியா" என்ற கோபம். லீவு முழுவதும் அடுத்தவர் வீட்டுச் சோபாவில் கையில் கலர் தம்ளரோடு உட்கார்ந்தே கழியும். என் நாட்டில் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்காது.

ஒருநாள் கேன்டீனில் கூட வேலை செய்யும் ஒருத்தி தன் வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. லீவு விட்டால் புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஏறிக்கொண்டு போவார்களாம். பிடித்த இடத்தில் நிறுத்திப் படுப்பார்களாம். நான் அந்தத் திரையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் வீட்டுக் கதவையும் தட்டாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் போகலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அதற்கப்புறம் அந்த நினைப்பு என்னை விடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பதினஞ்சு வருஷம் கவர்மெண்டு செலவுல கூடாரத்துல படுத்தேன். இப்ப சொந்தச் செலவுல வேற படுக்கணுமா? நீ போயிட்டு வா."

3

தம்பி குமரன் சாரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். வண்டி பிரான்சில் வேண்டாம், புதுச்சேரியில் வேண்டும் என்றதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"புதுசு வாங்காதக்கா. தேங்காய்த்திட்டுல ஒருத்தரு பிக்கப் தராரு. என்ஜின் அருமையா இருக்கு. கொஞ்சம் வாசனை இருக்கும், அவ்ளோதான்."

மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அந்தக் கொஞ்சம் வாசனை எப்படிப்பட்டது என்று போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ப்ளீச்சிங் பவுடர் போட்டோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம், மஞ்சள் கரைத்து ஊற்றினோம், சாம்பிராணிகூடப் போட்டோம். காலையில் போய்விட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் வஞ்சிரமும் ஏறிவிடும். தெருப் பூனைகளெல்லாம் வண்டியின் அடியில் குடிவந்தன. எங்கே நிறுத்தினாலும் அந்த ஊர்ப் பூனைகள் வந்து சேர்ந்துவிடும்.

தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று. நான் போட்டுக் கொடுத்த படத்தை மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரும்மா படுப்பாங்க?"

"நான்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல எதுனா பிரச்சனையா?"

இல்லை, ஊர் சுற்றத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் படத்தை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

லீவு முடிந்து திரும்பிவிட்டேன். வண்டி இன்னும் கட்டி முடியாத அந்தக் குளிர்காலத்தில்தான் அதில் நான் அதிகமாகப் பயணம் போனேன் என்று நினைக்கிறேன். கேன்டீனில் கேரட் சீவும்போது கடலூர் தாண்டியிருப்பேன். மெட்ரோவில் கம்பியைப் பிடித்து நின்றபடி வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்ப்பேன், அவை எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே. மேல்கூரையில் ஒரு மூடி வைக்கச் சொல்லியிருந்தேன். படுத்தபடியே அதைத் திறந்தால் வானம் தெரியும். கண்ணை மூடினால் அந்தச் சதுர வானம் வந்துவிடும், இறங்க வேண்டிய ஸ்டேஷனும் போய்விடும்.

4

அடுத்த கோடையில் வந்து பார்த்தால் வண்டி வெள்ளைவெளேரென்று நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒரு நீலக் கண். கீழே கொட்டை எழுத்தில் 'முகாம்'. அதற்கும் கீழே குமரனின் போன் நம்பர்.

என்னய்யா இது என்றேன். மேஸ்திரி கொஞ்சமும் அசரவில்லை.

"தம்பி கேம்ப் வண்டின்னாரு. ரத்த கேம்ப்பா கண் கேம்ப்பான்னு கேக்க போன் போட்டேன், எடுக்கல. ஜன்னலு பெருசா வச்சிருக்கீங்களே, கண்ணாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."

யாரைக் குறை சொல்வது? பிரான்சில் இந்த மாதிரி வண்டிக்குக் கேம்பிங் கார் என்று பேர், நான்தான் குமரனிடம் கேம்ப் வண்டி என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் ஆபீசர் கேம்ப்பில் இருக்கிறார் என்றால் ஆள் சீட்டில் இல்லை என்று அர்த்தம். மற்றபடி கேம்ப் என்றால் கண் பரிசோதனைதான். ஊர் சுற்றிப் படுத்து எழுந்திருப்பதற்கு அந்தச் சொல்லை யாரும் எடுத்ததில்லை. கண்ணை அழித்துவிடுவதாக மேஸ்திரி சொன்னார். ஆனால் அவ்வளவு அழகான கண். இமைமுடியை ஒவ்வொன்றாக இழுத்திருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை.

சாரத்தில் வண்டியை நிறுத்திய மறுநாளே வாசலில் ஆள். "எப்பம்மா கேம்ப்பு? எங்க மாமாவுக்கு ரெண்டு மாசமா தண்ணியா வடியுது." குமரன் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனான்.

5

அந்த வருஷம் மீராவும் வந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு வந்தாள். பிறந்து வளர்ந்தது பிரான்சில், படித்து முடித்ததும் லியோனுக்குப் போய்விட்டாள், அங்கே ஒரு பையனோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சின்ன வயதில் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

அவள் தமிழில் ஒரு பிசகு உண்டு. எங்கள் வீட்டில் யாரும் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, அபசகுனம். 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவள் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வரேன் என்பார், நான் கடைக்குக் கிளம்பும்போது வரேன் என்பேன். செருப்பு மாட்டிய எல்லோரும் வரேன் சொல்லிவிட்டு மறைந்துபோவதைப் பார்த்து வளர்ந்த குழந்தை, வருவது என்றால் கிளம்பிப் போவது என்று முடிவு செய்துவிட்டது. எவ்வளவு திருத்தியும் போகவில்லை. இன்றைக்கும் அவளுக்கு வருவதுதான் போவது.

கன்னியாகுமரி அடுத்த கோடைக்கு, இப்போது ஒரு ராத்திரி மட்டும் படுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். தவளக்குப்பத்தில் இடதுபக்கம் திரும்பிக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போனோம். குமரனின் கடையில் பெயிண்ட் வாங்கும் படகுக்காரர் ஊர் அது. அவர் வீட்டில் குமரன் படுத்துக்கொண்டான். சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் மீராவும் மட்டும் உள்ளே.

இருட்ட ஆரம்பித்ததும் மூடியைத் திறந்தேன். நான் மெட்ரோவில் பார்த்த அதே சதுர வானம். சவுக்குச் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து எது எது என்று பிரிக்க முடியவில்லை. மீன் வாசனை கடலிலிருந்து வருகிறதா வண்டியிலிருந்து வருகிறதா என்றும் தெரியவில்லை. போகப்போகும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி. மீரா ஒவ்வொன்றையும் தப்பாகத் திருப்பிச் சொன்னாள். தூத்துக்குடியில் நாக்கு மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். குழந்தையில் போடுவதுபோல என்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம், அம்மா" என்று தமிழில் சொன்னாள். அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

காலையில் பின்கதவைத் திறந்தால் வெளியே பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர், கூடவே பூனைகள். கண் வண்டி வந்திருக்கிறது என்று செய்தி பரவிவிட்டது.

காற்றில் அணைந்து அணைந்து போன அடுப்போடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மீரா கீழே இறங்கிவிட்டாள். அவர்கள் கேட்டது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒருத்தியின் ஒரு கண்ணைப் பொத்தி, "அந்த போட் என்ன கலர்?" என்று கேட்டாள்.

"அது எங்க வூட்டுக்காரரு போட்டு. கலர் எதுக்குப் பாக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வரிசையாக ஒவ்வொருத்தியையும் கேட்டாள். கடைசியில் அஞ்சலையம்மாள். தேங்காய்த்திட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். மீரா காட்டிய பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடலு தெரியுது பாப்பா. போட்டு தெரியல."

மீராவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. நான் டீயைக் கொண்டுவருவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

6

வியாழக்கிழமை மீராவுக்கு விமானம். அவளை ஏற்றிவிடச் சென்னைக்குப் போயிருந்தேன். விமான நிலையத்தின் வாசலில் நிற்கும்போது குமரன் போன் பண்ணினான்.

"அக்கா, பாப்பா அந்தக் குப்பத்துல இன்னா சொல்லிச்சு? விடியறதுக்குள்ள பத்து போன். இன்னிக்கி ஏலத்துக்குக்கூட போவாம, தலைக்குக் குளிச்சிட்டு உக்காந்திருக்காங்க. கேம்ப் வண்டி எங்கன்னு கேக்கறாங்க."

மீராவைக் கேட்டேன்.

"எப்ப வருவீங்கன்னு கேட்டாங்க. வியாழக்கிழமைன்னு சொன்னேன்." பெட்டியைக் காட்டினாள். "இன்னிக்குத்தானே வரேன்?"

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு சொல்லை மேஸ்திரி தப்பாகப் புரிந்துகொண்டார், இன்னொன்றை இவள். விஷயத்தைச் சொன்னதும் மீராவின் முகம் சின்னதாகிவிட்டது. "காத்துட்டு இருக்காங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். நேரமாகிவிட்டதால் அதற்குமேல் பேச முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையைக் காட்டினாள். வரேன் என்று அவள் வாய் அசைந்தது தெரிந்தது.

தப்பாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வரத்தான் குமரன் குப்பத்துக்குப் போனான். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. எல்லோரையும் என் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த தர்மக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அஞ்சலையம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் ஆனதும், கறுப்புக் கண்ணாடி போட்ட அவரை என் கட்டிலில் படுக்கவைத்து வீட்டில் விட்டானாம்.

7

நான் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. ஒரு குப்பம் முடிந்து அடுத்த குப்பம். வீடியோவில் வண்டியைக் காட்டச் சொல்வேன். ஒருமுறை பார்த்தால் அடுப்பு இல்லை, அங்கே பெஞ்சு இருக்கிறது. இன்னொரு முறை தண்ணீர் டேங்க் இல்லை.

"என் அடுப்பு எங்கடா?"

"மாடியில பத்திரமா இருக்குக்கா. வண்டி சும்மாதானே நிக்கிது."

அது சும்மா நிற்கவில்லை, எனக்காக நிற்கிறது என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதற்காகக் கோபம் குறையவும் இல்லை.

பிறகு ஒருநாள் ரோட்டில் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார் என்றான் குமரன். சரக்கு வண்டியில் கட்டில் போட்டு ஆள் ஏற்றக் கூடாது. கட்டியதையெல்லாம் வெட்டி எடுத்துப் பழையபடி மீன் வண்டியாக்க வேண்டும். இல்லையென்றால் முகாம் வண்டி என்று அந்த ஆஸ்பத்திரி பெயருக்கு மாற்றிவிட ஒரு வழி இருக்கிறது. எங்க அக்கா ஊர் சுற்றக் கட்டியது சார் என்று குமரன் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"சும்மா படுத்துக்கினே போறதுக்கெல்லாம் நம்மகிட்ட வழி இல்லீங்களே" என்றாராம்.

சும்மா படுத்துக்கொண்டே போவது. இவ்வளவு நாளும் நான் கண்ட கனவை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பல வாரம் நான் பதில் சொல்லவில்லை. வெட்டினால் யாருக்கும் இல்லை, கொடுத்தால் எனக்கு மட்டும் இல்லை. யோசிக்க இதில் ஒன்றும் இல்லைதான், ஆனாலும் வாயில் வரவில்லை. வீட்டுக்காரர்கூட ஒரு நாள், "வேணும்னா நான் ஒரு ராத்திரி கூடாரத்துல படுக்கறேன்டி" என்றார். அவரால் முடிந்த அளவு அதுதான். கடைசியில் கேன்டீனில் கேரட் சீவிக்கொண்டே குமரனுக்குப் போன் பண்ணி, "குடுத்துடு" என்றேன். கட்டிலையும் கூரை மூடியையும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் ஏன் அழுகிறாய் என்றாள். அவள் பூப்போட்ட திரையைப் பார்த்துத்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? கேரட் என்றேன். வெங்காயம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

8

இந்தக் கோடையில் கன்னியாகுமரிக்கு ரயிலில் தனியாகப் போவதாக டிக்கெட் எடுத்தேன். மீராவைக் கேட்டேன், வேலை இருக்கிறது என்றாள். புதுச்சேரி வந்து, ரயில் ஏறுவதற்கு முன் ஒரு வியாழக்கிழமை குமரன் என்னைக் குப்பத்துக்கு அழைத்துப் போனான். வண்டியை ஆஸ்பத்திரி டிரைவர் ஓட்டினார். நான் என் கட்டிலில் பார்வையாளர்போல உட்கார்ந்து போனேன். பக்கவாட்டில் ஆஸ்பத்திரி பெயர் எழுதியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது, பூனைகளும்.

அஞ்சலையம்மாள் வந்தார். என்னைப் பார்த்துவிட்டு அடையாளம் தெரியாமல் நின்றார். நான் பேசியதும், "இந்தக் குரலு தெரியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா எங்க? அது மொகத்த நான் பாக்கவே இல்லையே. அன்னிக்குக் கை மட்டுந்தான் தெரிஞ்சிது."

லியோனில் அப்போது காலை வேளை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வீடியோவில் கூப்பிட்டேன். மீரா வழக்கம்போலச் சிரித்தாள். அஞ்சலையம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு போனை மார்போடு கவிழ்த்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இது அழுதுனு இருக்குதும்மா. நேத்து இன்னிக்கி இல்ல, ரொம்ப நாளா."

இல்லையே, சிரிக்கிறாளே என்றேன்.

"நீ சிரிப்பப் பாக்கற. கண்ணுக்குக் கீழ பாரு."

போனை வாங்கிப் பார்த்தேன். ஞாயிறுதோறும் பார்க்கிற முகம். சாப்பிட்டாயா, ம். வேலை எப்படி, ம். "வெளிச்சம் சரியில்ல, அம்மா" என்றாள். பின்னால் இருந்த சுவரும் புதிதாக இருந்தது. அதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

அஞ்சலையம்மாள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "பாப்பா, எப்ப வருவ?" என்று சத்தமாகக் கேட்டார். மீரா வாயைத் திறந்தாள். முகம் உடைந்தது, உடனே படத்தை அணைத்துவிட்டாள்.

கூட இருந்தவன் குளிர்காலத்திலேயே போய்விட்டான் என்பதும், பெரிய வீட்டைக் காலி செய்து இந்த ஒற்றை அறைக்கு வந்தாள் என்பதும், தூக்கமில்லாமல் இருக்கிறாள் என்பதும் அன்று மாலை அவளே போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் வண்டிக்காகக் கேரட்டைச் சாக்குச் சொல்லி அழுத அதே மாதங்களில் அவளும் அழுதிருக்கிறாள். கன்னியாகுமரி டிக்கெட்டைக் குமரனிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

9

வந்து கொஞ்ச நாள் ஆகிறது. ரசம் வைக்கிறேன், துணி மடிக்கிறேன், சோபாவை விரிக்கிறேன், மடக்குகிறேன். அவளாகப் பேசினால் கேட்கிறேன். கன்னியாகுமரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மீரா வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்து என் தோளில் தலையை வைத்தாள். கீழே டிராம் போனது, தம்ளர் நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, நீ எப்ப வருவ?"

எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கிறாள். நான் திருத்தவில்லை.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தூத்துக்குடிக்கு அப்புறம் இப்போதுதான் அப்படிச் சிரிக்கிறாள். எந்த வியாழக்கிழமை என்று அவள் கேட்கவில்லை.